இந்தப் பாடத்துக்கு 4 தான் பாஸ் மார்க்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே பாடம் எடுக்கப் போகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல், மனித இனப்பெருக்கம். இந்தப் பாடம் நடக்கும்போது கடைசி பெஞ்சில் யார் யார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தீர்கள் என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிரித்தவர்களுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது. உங்களில் சிலர் ஒரு பிள்ளைக்காக வருஷக்கணக்கில் மருத்துவமனை வாசலில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். இது அவர்களுக்காக. கல்யாண வீட்டில் அவர்களைப் பார்த்ததும் "என்ன, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிற நம் சொந்தக்காரர்களுக்காகவும்தான்.

சமீபத்தில் என்னிடம் படித்த ஒரு மாணவன், முப்பதைத் தாண்டியவன், தன்னுடைய விந்துப் பரிசோதனை அறிக்கையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இதுல தலைக் குறைபாடு, கழுத்துக் குறைபாடு, வால் குறைபாடுன்னு போட்டிருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு குறையாம். அப்ப நான் ஆம்பளையே இல்லையா டீச்சர்?" என்று எழுதியிருந்தான். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். ஆள் யார் என்று துருவ வேண்டாம். கல்யாணமாகி ஐந்து வருஷம். முதல் நாலு வருஷம் பரிசோதனை எல்லாம் அவன் மனைவிக்குத்தான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, கடைசியில் லேப்ராஸ்கோப்பி. ஐந்தாம் வருஷம்தான் இவன் ஒரு சின்ன டப்பாவில் மாதிரி கொடுத்திருக்கிறான்.

அவனிடம் போனில் முக்கால் மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த அறிக்கையில் இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு செல் நுண்ணுறுப்பு இருக்கிறது. அது புரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

விந்தகத்துக்குள் மிக மெல்லிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரில்தான் விந்தணு உருவாகிறது. 46 குரோமோசோம் உள்ள தாய்ச் செல் பெருகி, பிறகு குன்றல் பகுப்பில் அடுத்தடுத்து இரண்டு முறை பிரிந்து, 23 குரோமோசோம் கொண்ட நான்கு செல்களைத் தருகிறது. இதுவரைக்கும் எல்லாரும் பரீட்சையில் ஒழுங்காக எழுதிவிடுவீர்கள். கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். அந்த நான்கும் இன்னும் விந்தணு ஆகவில்லை. அவற்றுக்கு ஸ்பெர்மாட்டிட் என்று பெயர். பார்க்க உருண்டையாக, சாதாரணச் செல் மாதிரிதான் இருக்கும். வால் கிடையாது, நீந்தாது. உள்ளே உட்கரு, கோல்கை உறுப்பு, மைட்டோகாண்ட்ரியா, ஒரு ஜோடி சென்ட்ரியோல், எண்டோபிளாச வலை, ரைபோசோம் என்று குடித்தனம் நடத்தத் தேவையான சாமான் அத்தனையும் இருக்கும்.

இனி அந்தச் செல் பிரிவதில்லை. பிரியாமலேயே உருமாறுகிறது. மூன்று வாரத்துக்குச் சற்று மேலே பிடிக்கும் இந்த வேலைக்குத்தான் ஸ்பெர்மியோஜெனிசிஸ் என்று பெயர். உள்ளே இருந்த ஒவ்வொரு நுண்ணுறுப்பும் ஒன்று வேறு வேலைக்குப் போகும், அல்லது வெளியேற்றப்படும். தூரதேசம் போகிறவன் மூட்டையைக் குறைத்துக்கொள்வது போல.

முதலில் தலை. கோல்கை உறுப்பை நான் வகுப்பில் "பார்சல் ஆபீஸ்" என்று சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? செல்லில் தயாராகும் புரதங்களைப் பொட்டலம் கட்டி அனுப்பும் இடம். ஸ்பெர்மாட்டிட்டில் அந்தப் பார்சல் ஆபீஸ் ஒரே ஒரு பெரிய பொட்டலம் கட்டுகிறது. சின்னச் சின்னப் பைகள் ஒன்றாகச் சேர்ந்து, உட்கருவின் மேல் ஒட்டி, மெல்ல விரிந்து குல்லாய் மாதிரி முன்பாதியை மூடிக்கொள்கிறது. அதுதான் அக்ரோசோம். அதற்குள் ஹயலுரோனிடேஸ், அக்ரோசின் போன்ற நொதிகள் இருக்கின்றன. முட்டையைச் சுற்றியுள்ள உறைகளைக் கடக்க இவை வேண்டும். பொட்டலத்தைக் கட்டி முடித்ததும் கோல்கை உறுப்பு செல்லின் மறுபக்கம் ஒதுங்கிப்போகும்.

அபூர்வமாகச் சில ஆண்களுக்கு இந்தக் குல்லாய் உருவாவதே இல்லை. விந்தணுவின் தலை நீள்வட்டமாக இல்லாமல் பந்து போல உருண்டையாகவே நின்றுவிடும். எண்ணிக்கை நன்றாக இருக்கும், நீந்தவும் செய்யும், ஆனால் முட்டைக்குள் நுழைய முடியாது. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் நேராகச் செலுத்தும் இக்ஸி முறையில் பிறந்த முதல் குழந்தைகளைப் பற்றி 1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்த பிறகுதான் இப்படிப்பட்டவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. அவர்களில் பலருக்கு முட்டையைத் தூண்டிவிடும் கூடுதல் சிகிச்சையும் தேவைப்படும்.

தலையில் இருக்கும் இன்னொரு நுண்ணுறுப்பு உட்கரு. சாதாரணச் செல்லில் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்கிற புரத உருளைகளில் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கும். விந்தணுவாக மாறும்போது அந்த உருளைகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டு, புரோட்டமின் என்கிற வேறு புரதத்தைப் போட்டு டிஎன்ஏவை இறுக்கிக் கட்டுகிறது செல். மனிதனில் ஹிஸ்டோன் சிறிதளவு மட்டும் மிஞ்சும். வீடு மாற்றும்போது மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டுகிறோமே, அந்த மாதிரி. அப்போதுதான் தலை சிறுத்து, உள்ளே இருக்கும் எழுத்துகள் சேதப்படாமல் ஊர் போய்ச் சேரும்.

இந்தப் புரோட்டமினை முதலில் கண்டவர் சுவிட்சர்லாந்தின் ஃபிரெடரிக் மீஷர். ரைன் நதி சால்மன் மீனின் விந்தணுவில் 1874இல் கண்டுபிடித்தார். "எங்கேயோ மீனில் இருக்கிற சங்கதி நமக்கெதற்கு" என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் போட்டுக்கொள்ளும், குப்பியை உருட்டினால் பால் மாதிரிக் கலங்கும் இன்சுலின் இருக்கிறதே, அது உடம்பில் மெல்ல மெல்லக் கரைவதற்குக் காரணம் அதில் சேர்த்திருக்கும் புரோட்டமின்தான். 1930களில் டென்மார்க்கில் ஹாகெடார்ன் கண்ட வழி அது.

அடுத்து கழுத்து. இரண்டு சென்ட்ரியோல்கள் என்று சொன்னேன் அல்லவா? அண்ணன் தம்பி மாதிரி. ஒன்று வாலுக்கு அடித்தளம் போடுகிறது. அதிலிருந்துதான் வாலின் நடுத்தண்டு வளர்கிறது. வெளிவட்டத்தில் 9 ஜோடிக் குழல்கள், நடுவில் 2. "ஒன்பது கூட்டல் இரண்டு" என்று மனப்பாடம் செய்தீர்களே, அதேதான். இன்னொன்று கழுத்தில் அப்படியே தங்கி, விந்தணுவோடு முட்டைக்குள் போகிறது. மனித முட்டை தன் சென்ட்ரியோல்களை முன்னமே இழந்துவிடுவதால், கரு முதல்முறை இரண்டாகப் பிளப்பதற்கு அப்பாவிடமிருந்து வந்த சென்ட்ரியோல்தான் துணை நிற்கிறது. அதில் பழுது இருந்தால், கருத்தரித்த பிறகும் கரு வளர்ச்சி ஆரம்பத்திலேயே தடுமாறலாம். "அவளுக்குக் கரு தங்கமாட்டேங்குது" என்று வாய் கூசாமல் சொல்கிறோமே, அந்த வாக்கியத்தில் அப்பாவின் சென்ட்ரியோலுக்கும் பங்கு இருக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது வால். நடுத்தண்டில் இருக்கும் குழல் ஜோடிகளை ஒன்றன்மேல் ஒன்று சறுக்க வைப்பது டைனீன் என்கிற புரதக் கைகள். அந்தச் சறுக்கல்தான் வாலை அசைக்கிறது. 1976இல் ஸ்வீடனைச் சேர்ந்த அஃப்ஸேலியஸ், விந்தணு அசையாத சில ஆண்களின் விந்தணு வாலை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். டைனீன் கைகளையே காணோம். அந்த ஆண்களுக்குச் சிறுவயது முதல் ஓயாத சளி, சைனஸ், இருமல். சிலருக்கு இதயம் வலப்பக்கம். ஏனென்றால் மூச்சுக்குழலில் சளியைத் தள்ளிவிடும் குறுயிழைகளும் அதே ஒன்பது கூட்டல் இரண்டு அமைப்புத்தான். உடம்பு ஒரு தச்சனை வைத்தே இரண்டு வேலையையும் செய்கிறது. ஆகவே டாக்டர் "சின்ன வயசில் நெஞ்சுச்சளி உண்டா?" என்று கேட்டால், சம்பந்தமில்லாமல் கேட்கிறாரே என்று நினைக்காதீர்கள்.

வாலின் மேல்பகுதியில், கழுத்துக்குக் கீழே, மைட்டோகாண்ட்ரியா வந்து கூடுகின்றன. செல் முழுக்கச் சிதறிக் கிடந்தவை, பம்பரத்தில் சாட்டைக் கயிறு சுற்றுவது போல வாலைச் சுற்றிச் சுருளாக அடுக்கப்படுகின்றன. நீந்துவதற்கான சக்தியில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. ஆனால் முட்டைக்குள் போனதும் இந்த மைட்டோகாண்ட்ரியாவை முட்டை அடையாளம் கண்டு அழித்துவிடும். உங்கள் உடம்பில் இருக்கிற மைட்டோகாண்ட்ரியா எல்லாம் அம்மா வழி, அம்மாவின் அம்மா வழி. வம்சம் ஆண் வழியில்தான் என்று மீசை முறுக்குகிற மாமாக்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும்.

கடைசியில் மிச்சம். தலைக்கும் வாலுக்கும் போக மீந்த சைட்டோபிளாசம், ரைபோசோம், எண்டோபிளாச வலை, ஒதுங்கிப்போன கோல்கை எல்லாம் ஒரு பொட்டலமாகப் பிரிந்து விழுகிறது. அதை விழுங்கிச் செரிப்பவை செவிலிச் செல்கள். இத்தாலியின் என்ரிகோ செர்டோலி 1865இல் விவரித்ததால் செர்டோலி செல்கள் என்றும் பெயர். ஊட்டி வளர்த்துப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டு, அது விட்டுப்போன எச்சிலையும் எடுக்கிற செவிலித்தாய். பொட்டலம் சரியாகக் கழலாவிட்டால் கழுத்தில் மூட்டையோடு விந்தணு வெளியே வரும். அதையும் அறிக்கையில் குறைபாடு என்றே எழுதுவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரைபோசோமையும் இழந்துவிட்ட செல்லால், மற்ற செல்களைப் போலப் புதிதாகப் புரதம் செய்து தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது. சைட்டோபிளாசம் சுண்டிவிட்டதால் அதில் இருக்கும் பாதுகாப்பு நொதிகளும் குறைவு. இறுக்கிக் கட்டிய மூட்டை ஒன்றுதான் அதற்குக் காவல். சிகரெட் புகையும் நெடுநேர வெப்பமும் விந்தணுவைச் சீக்கிரம் தாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். விந்தகம் உடம்புக்கு வெளியே தொங்குவதே இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சிக்காகத்தான்.

இப்போது அந்த 96க்கு வருவோம். இத்தனை நுண்ணுறுப்புகள், இத்தனை கட்டங்கள். இதை உடம்பு நாளொன்றுக்குப் பல கோடித் தடவை செய்கிறது. எல்லாம் அச்சு வார்த்தது போல வருமா? உலக சுகாதார நிறுவனம், ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் மாதிரிகளை வைத்துத்தான் அளவுகோல் வகுத்தது. அதன்படி நூற்றுக்கு 4 விந்தணு சரியான உருவத்தில் இருந்தாலே கீழ் எல்லையைத் தொட்டாயிற்று. நம் பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால்தான் பாஸ். இயற்கை இந்தப் பாடத்துக்கு 4 தான் பாஸ் மார்க் வைத்திருக்கிறது. "உருவத்துல நீ பாஸ்டா. உன் அறிக்கையில டாக்டர் வட்டம் போட்டிருக்கிறது வேற வரி, நீந்துற வேகம். அதைப் பத்திக் கேளு" என்று சொன்னேன். எதிர்முனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

பிறகு அவன் மெதுவாகக் கேட்டது, "அப்ப இவ்வளவு நாள் அவளுக்கு எதுக்கு டீச்சர் அத்தனை ஊசி?"

அதற்குப் பதில் விலங்கியலில் இல்லை. நம் பேச்சில் இருக்கிறது. "மலடி" என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. "மலடன்" என்று யாரையாவது தெருவில் திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? அகராதியில் உண்டு, ஆள் வாயில் கிடையாது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவம் சொல்லும் கணக்கு. சொல் மட்டும் ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கிறது.

எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா. பெரியவர்களுக்கு யார் என்று தெரியும், பெயர் வேண்டாம். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை என்று 1977இல் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தானுக்கு அடுத்த தை மாதமே இரண்டாம் கல்யாணம். அந்த வீட்டிலும் தொட்டில் கட்டவில்லை. அதற்குப் பிறகும் அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அக்கா எங்கள் எல்லாருடைய பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தாள். வளைகாப்பு என்றால் மட்டும் யாரும் சொல்லாமலேயே பின்கட்டுக்குப் போய்ச் சமையல் வேலையில் நின்றுகொள்வாள். கூப்பிட்டாலும் முன்னால் வரமாட்டாள்.

குறை யாரிடம் இருந்தது என்று நான் இப்போது தீர்ப்புச் சொல்லவில்லை. அது யாருக்குமே தெரியாது, ஏனென்றால் யாரும் பார்க்கவே இல்லை. விந்தணுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய லீவன்ஹோக் டச்சு நாட்டுத் துணி வியாபாரி. அவர் அதைப் பார்த்த வருஷம் 1677. சரியாக முந்நூறு வருஷம் கழித்து, ஒரு சொட்டை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பி அனுப்புவது அவர்களுக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையச் சுவரில் "ஆண்மைக் குறைவா?" என்று ஒட்டியிருப்பார்களே, அந்த நோட்டீஸ் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. மீசை, குரல், ஆசை எல்லாவற்றுக்கும் காரணமான டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பது குழல்களுக்கு வெளியே இருக்கும் லேடிக் செல்கள். விந்தணு உருவாவது குழல்களுக்கு உள்ளே. வெளியே எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே ஒரு கட்டம் தவறலாம். இதில் ஆம்பளைத்தனம் குறைந்ததற்கு எதுவுமே இல்லை. சர்க்கரை வந்தவனிடம் போய் "உன் ஆம்பளைத்தனம் எங்கே" என்று கேட்போமா?

ஆகவே, பிள்ளைகளே, டீச்சர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் பார்த்தும் குழந்தை தங்கவில்லை என்றால் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். மனைவிக்கு முப்பத்தைந்து வயது ஆகிவிட்டால் ஆறு மாதத்திலேயே போங்கள். விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, கத்தி இல்லை. ஆகவே அது முதலில் நடக்கட்டும்.

ஒரே அறிக்கையை வைத்து இடிந்துபோகாதீர்கள். தாய்ச் செல் விந்தணுவாக ஏறக்குறைய 74 நாள். அதன்பின் எபிடிடைமிஸ் என்ற ஆறு மீட்டர் சுருள் குழாயில் முதிர்ந்து வரச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். இன்றைய அறிக்கை உங்களுடைய போன மூன்று மாதத்துக் கதை. இடையில் கடுங்காய்ச்சல் வந்திருந்தால் அதுவும் அதில் தெரியும். மறுபரிசோதனை எப்போது என்பதை டாக்டர் சொல்வார். சிகரெட்டை விட்ட பலனும் மறுநாளே தெரியாது, மூன்று மாதம் பொறுங்கள்.

ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடாதீர்கள். வெளியிலிருந்து வந்ததும், பிட்யூட்டரி "சரக்கு வந்தாச்சு" என்று உள்ளூர் உற்பத்திக்கான உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு அடியோடு நின்றுபோனவர்களும் உண்டு. லேகியமும் அப்படித்தான், டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த கல்யாண வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்ததும் விசேஷம் உண்டா என்று கேட்க வாய் வந்தால், "சாப்பிட்டியா அம்மாடி?" என்று கேளுங்கள். வளைகாப்பில் வளையல் போட அவளையும் முன்னால் கூப்பிடுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் கமெண்டில் கேட்கக் கூச்சப்பட்டால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அறிக்கையைப் படித்துச் சொல்லின் அர்த்தம் சொல்வேன், மருந்து சொல்ல நான் டாக்டர் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அனுப்பினால் காலையில் காபி குடித்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்